தேர்தலுக்குப் பின் இரண்டாகப் பிரிந்த ஜெபக்குழு

சகோதரி, தேர்தலுக்குப் பின் உங்கள் ஜெபக்குழு இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதியினர் வருவதையே நிறுத்திவிட்டதாகவும், இனி அரசியல் பேச்சையே தடை செய்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் தடை செய்யுங்கள், சரி. ஆனால் நேரில் கூடும்போதும் வாயை மூடச் சொன்னால், மனம் புண்பட்டவர்கள் அப்படியே விலகிப் போய்விடுவார்கள்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அன்றாட உதவியில் தங்கள் விதவைகள் விடுபட்டுப்போவதாகக் கிரேக்கம் பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். ஒற்றுமை கெடும், சும்மா இருங்கள் என்று அப்போஸ்தலர்கள் அடக்கவில்லை. சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள்! குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்ததாகத்தான் தெரிகிறது. வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இது வியப்பு.

அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. உணவு, நாள் போன்றவற்றில் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்கிறது பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14-ஆம் அதிகாரம். ஆனால் அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிடுவதைவிட்டுப் பேதுரு விலகியபோது, பவுல் முகமுகமாய் எதிர்த்தார். யாருக்கு வாக்களித்தார் என்பது முதல் வகை. ஒரு மக்கள் கூட்டத்தையே இழிவாகப் பேசுவது இரண்டாவது வகை. அதைக் கண்டிக்கத்தான் வேண்டும்.

அப்புறம், வராதவர்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்காமல் வீட்டுக்கே போங்கள். வாதாட வேண்டாம், எது வலித்தது என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்தை அவர்களில் ஒருவர் நடத்த முடியுமா என்று போதகரிடமும் பேசிப் பாருங்கள்.