புதுத் தீவு நாட்டின் முதல் சட்டம் எதைப் பற்றி இருக்க வேண்டும்?

கேள்வி: "புதிதாகச் சுதந்திரம் பெற்ற, மூன்று லட்சம் பேர் வாழும் ஒரு தீவு நாட்டுக்கு அரசமைப்பையும் பொருளாதாரத்தையும் நீங்கள் வகுக்க வேண்டும் என்றால், எங்கிருந்து தொடங்குவீர்கள்?"

கஜானாவிலிருந்து தொடங்குவேன். ஜனாதிபதி முறையா, நாடாளுமன்ற முறையா என்பதெல்லாம் பிறகு. சின்னத் தீவுக்குப் பெரிய வருமானம் ஒன்றோ இரண்டோ வழியில்தான் வரும்: ஒரு சுரங்கம், மீன், கரும்பு, சுற்றுலா. அந்தப் பணத்தில் யார் கை வைக்கலாம், எவ்வளவு எடுக்கலாம், யாரைக் கேட்டு எடுக்க வேண்டும் என்பதையே அரசமைப்பின் முதல் அத்தியாயமாக எழுதுவேன். அரசு தனி, பொருளாதாரம் தனி என்று இரண்டு குழு போட்டால், தீவு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

தர்மபுரி மாவட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளாதாரம் நடத்துகிறேன். இந்த விஷயத்தை விளக்க நான் எப்போதும் எடுப்பது பசிபிக் கடலில் இருக்கும் இரண்டு தீவுகளை. ஒன்று நவ்ரு. அதற்குக் கிழக்கே சுமார் 300 கிலோமீட்டரில் பனாபா. அது இன்று கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது. இரண்டிலும் ஒரே செல்வம், பாஸ்பேட் கல். நாம் வயலுக்குப் போடும் சூப்பர், டிஏபி உரங்களுக்கு அதுதான் மூலப்பொருள்.

நவ்ரு 1968 ஜனவரி 31 அன்று சுதந்திரம் பெற்றது. பரப்பு 21 சதுர கிலோமீட்டர். இரண்டே வருஷத்தில் பாஸ்பேட் தொழிலைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. 1970களில் தலைக்கு வருமானத்தில் உலகின் பணக்கார நாடுகளோடு நின்றது. மக்களுக்கு வருமான வரி கிடையாது. கல் தீர்ந்த பின் உதவும் என்று ஒரு அறக்கட்டளை நிதியும் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த நிதிக்கு வேலி இல்லை. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், சொந்த விமான நிறுவனம், வெளிநாட்டு ஹோட்டல்கள் என்று பணம் போனது. பட்ஜெட்டில் துண்டு விழுந்தபோதெல்லாம் கடன் வாங்கினார்கள். 2004இல் அந்த மெல்போர்ன் கட்டடமும் கடனுக்குப் போய்விட்டது. தீவின் நடுப்பகுதி தோண்டிப்போட்ட பாறைக் காடாக இன்றும் கிடக்கிறது.

கிரிபாட்டி கதை வேறு. 1956இலேயே, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், பாஸ்பேட் வருமானத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து ஒரு சேமநிதி தொடங்கினார்கள். அந்த நாடு சுதந்திரம் பெற்றதும் பனாபாவில் பாஸ்பேட் தீர்ந்ததும் ஒரே வருஷம், 1979. ஆனாலும் நாடு திவாலாகவில்லை. வெளிநாட்டுப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போட்டிருந்த அந்த நிதி வளர்ந்து நூறு கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. கிரிபாட்டி இன்றும் ஏழை நாடுதான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் கல் தீர்ந்து இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கல்லின் பணம் அவர்களிடம் இருக்கிறது.

ஒன்றையும் விட்டுவிட முடியாது. யாருடைய மண்ணைத் தோண்டி அந்த நிதி உருவானதோ, அந்தப் பனாபா மக்களை 1945இல் ஃபிஜியில் உள்ள ராபி தீவுக்குக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். பிற்பாடு கிரிபாட்டி அரசமைப்பு அவர்களுக்கென்று ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கி, ராபியில் வாழும் பனாபா மக்களுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு இடமும் கொடுத்தது. நான் எழுதும் அரசமைப்பில், எந்த ஊரின் மண்ணிலிருந்து வருமானம் வருகிறதோ அந்த ஊருக்கு நிதிக் குழுவில் நிரந்தர இடம் இருக்கும். இடம் மட்டும் போதாது, தோண்டுவதை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் வேண்டும்.

சரி, வேலி எப்படிப் போடுவது? கிழக்குத் திமோர் 2002இல் சுதந்திரம் பெற்று, 2005இல் பெட்ரோலிய நிதிச் சட்டம் கொண்டுவந்தது. எண்ணெய்ச் செல்வத்தின் மதிப்பில் 3 சதவீதம் வரை ஒரு வருஷத்தில் எடுக்கலாம் என்பது அளவுகோல். நல்ல சட்டம். ஆனால் காரணம் சொல்லி நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வாங்கினால் அதற்கு மேலும் எடுக்கலாம் என்று ஒரு கதவை விட்டார்கள். அடுத்தடுத்த அரசுகள் அந்தக் கதவு வழியாகவே போய்வந்தன. ஆகவே என் சட்டத்தில், அளவுக்கு மேல் எடுக்க இந்த நாடாளுமன்றமும் வேண்டும், அடுத்த தேர்தலில் வரும் நாடாளுமன்றமும் வேண்டும். புயலுக்கும் கடல் கொந்தளிப்புக்கும் மட்டும் தனி விலக்கு, அதற்கும் ஒரு உச்சவரம்பு.

இதைவிடக் கஷ்டமான சிக்கல் ஒன்று உண்டு. மூன்று லட்சம் பேர் என்றால் எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான். கணக்கு எழுதுபவர், தணிக்கை செய்பவர், மந்திரி, பத்திரிகைக்காரர் நாலு பேரும் ஒரே கல்யாணப் பந்தியில் உட்காருவார்கள். எங்கள் பக்கத்துக் கிராம சபையில் தலைவரின் செலவுக் கணக்கைக் கேட்க எழுந்திருப்பவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று பார்த்திருக்கிறேன். ஒரு நாடே அந்த அளவில் இருந்தால் சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தும் பயனில்லை. அதனால் சில பதவிகளை வெளியிலிருந்து இரவல் வாங்கத் தயங்க மாட்டேன். மொரீஷியஸ் 1992இல் குடியரசான பிறகும் தன் கடைசி மேல்முறையீட்டை லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலிலேயே வைத்திருக்கிறது. சுயமரியாதைக்கு இழுக்கு என்று சிலர் சொல்வார்கள். தீர்ப்பு சொல்பவர் எனக்குச் சம்பந்தி இல்லை என்ற நம்பிக்கை சாதாரணக் குடிமகனுக்குப் பெரிய விஷயம் என்பது என் வாதம்.

நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கிரிபாட்டி முறையை அப்படியே எடுப்பேன். அங்கே நாடாளுமன்றம் ஜனாதிபதி மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினால், அந்த நாடாளுமன்றமும் சேர்ந்தே கலைந்துவிடும். எல்லாரும் மக்களிடம் திரும்பப் போக வேண்டும். நவ்ருவில் அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லாததால் ஆளுக்கொரு பக்கம் தாவி ஆட்சிகள் மாறிக்கொண்டே இருந்தன. 2010இல் 18 பேர் கொண்ட அவை சரிபாதியாகப் பிரிந்து மாதக்கணக்கில் முடங்கியது.

சிறுபான்மையினருக்கு என்ன பாதுகாப்பு? இதைத் தமிழர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றபோது, எந்தச் சமூகத்துக்கும் பாதகமான சட்டம் கூடாது என்று அரசமைப்பில் 29ஆம் பிரிவு இருந்தது. அது இருக்கும்போதே அதே வருஷம் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது, 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது, 1972இல் அந்தப் பிரிவே இல்லாமல் போனது. ஆகவே காகிதத்தில் ஒரு வரி போதாது, அவையில் ஆள் வேண்டும். மொரீஷியஸில் நேரடியாக வெல்லும் 62 பேரோடு, குறைவாக இடம் பெற்ற சமூகங்களின் தோற்ற வேட்பாளர்களிலிருந்து 8 பேர் வரை சேர்த்துக்கொள்கிறார்கள். வேட்பாளர் தன் சமூகத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு அங்கேயே கடும் எதிர்ப்பு உண்டு. அது நியாயமான எதிர்ப்பு. நான் விகிதாசார முறைக்குப் போவேன், சமூகப் பெயர் கேட்காமலே அதே பலன் கிடைக்கும்.

தூரத்துச் சின்னத் தீவுகளுக்கும் சொந்த நிர்வாகம் வேண்டும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை தளி, அஞ்செட்டிப் பக்கத்து மக்கள் ஒரு மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீஸுக்குத் தர்மபுரி வர வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். நடுவில் கடல் இருந்தால் எப்படி இருக்கும்! மொரீஷியஸ் ரொட்ரிக்ஸ் தீவுக்குத் தனி சபை கொடுத்தது 2002இல், சுதந்திரத்துக்கு 34 வருஷம் கழித்து. இந்தியப் பெருங்கடலில் உள்ள கொமொரோஸ் நாடு அதிகாரத்தைத் தலைநகரிலேயே குவித்தது, 1997இல் அதன் அஞ்சுவான் தீவு பிரிந்து போவதாக அறிவித்துவிட்டது.

தொழிலுக்கு வருவோம். "ஓசூர் மாதிரி ஒரு சிப்காட் போட்டால் போதாதா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். ஓசூர் வளர்ந்ததற்கு 40 கிலோமீட்டரில் பெங்களூர் இருப்பது முக்கியக் காரணம். தீவுக்குப் பக்கத்தில் பெங்களூர் இல்லை. மொரீஷியஸ் 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் போட்டு ஆயத்த ஆடையில் ஜெயித்தது உண்மை. ஆனால் அதற்கு ஐரோப்பியச் சந்தையில் வரிச் சலுகை கிடைத்தது, சர்க்கரைக்கு 1975 முதல் நல்ல விலை உறுதியானது, அந்தச் சர்க்கரைப் பணம் ஆலைகளுக்கு முதலீடானது. 1977 முதல் உயர்நிலைக் கல்வியும் இலவசம். மண்டலத்துக்குக் கம்பி வேலி போடுவதற்கு முன் சந்தையை வாங்க வேண்டும். முதல் வருஷம் என் நாட்டின் தூதர்களுக்கு அதுதான் வேலை.

மீனில் இன்னொரு பாடம். கிருஷ்ணகிரியில் பெங்களூரா மா வைத்திருக்கும் விவசாயி தனியாக டெம்போ ஏற்றிக்கொண்டு மாங்கூழ் ஆலை வாசலில் நின்றால், ஆலை சொல்வதுதான் விலை. பழம் காத்திருக்காது. தீவுகளின் சூரை மீனும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. 1982இல் நவ்ரு ஒப்பந்தத்தின் மூலம் பசிபிக் தீவு நாடுகள் கைகோத்தன. இன்று அதில் எட்டு நாடுகள். 200 கடல்மைல் எல்லைக்குள் வெளிநாட்டுக் கப்பல் மீன்பிடிக்கும் நாட்களை எண்ணி, இதற்குக் கீழே விற்பதில்லை என்று ஒரு தரைவிலை வைத்து விற்கிறார்கள். கிரிபாட்டி அரசின் வருமானத்தில் பெரும்பங்கு இப்போது இதுதான். புது நாடு முதல் நாளே இப்படி ஒரு கூட்டணியில் சேர வேண்டும்.

தண்ணீரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஃப்ளோரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட தலைமுறைகளைப் பார்த்த மாவட்டம் இது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013இல்தான். சிங்கப்பூர் 1965இல் மலேசியாவை விட்டுப் பிரிந்தபோது, ஜொகூர் தண்ணீர் ஒப்பந்தங்களுக்கான உத்தரவாதத்தைப் பிரிவினை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியது. மாலத்தீவில் 2014 டிசம்பரில் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்து மாலே நகரமே தவித்தது. இந்தியா கப்பலிலும் விமானத்திலும் தண்ணீர் அனுப்பியது. சேமநிதியிலிருந்து முதல் செலவு, வெவ்வேறு இடத்தில் இரண்டு நிலையங்கள், வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி.

நாணயத்துக்கு முதல் பத்து வருஷம் பெரிய பக்கத்து நாட்டின் பணமே போதும். ராணுவம் வேண்டாம், கடலோரக் காவல் போதும்.

கடைசியாக நிலம். பசிபிக் தீவு நாடான வனுவாட்டு 1980இல் சுதந்திரம் பெற்றபோது நிலம் முழுவதும் பரம்பரை உரிமையாளர்களுக்கே என்று அரசமைப்பில் எழுதியது. ஆனால் 75 வருஷம் வரை குத்தகைக்கு விடலாம் என்று சட்டம் வந்ததால், தலைநகர் இருக்கும் எஃபாத்தே தீவின் கடற்கரையில் பெரும்பகுதி குத்தகைக்காரர் கைக்குப் போனது. 75 வருஷம் என்றால் விற்ற மாதிரிதான். நான் 25 வருஷத்துக்கு மேல் விடமாட்டேன், கடற்கரையிலிருந்து நூறு மீட்டருக்குள் குத்தகையே கிடையாது.