வெறும் பில் போடும் வேலைதானே மேடம்?

அன்புள்ள மேடம்,

நான் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒன்றரை வருடமாக ஒரு துணிக்கடையில் பகுதிநேர வேலை. வாரத்தில் நான்கு நாள், மாலை 5 முதல் 9 வரை பில் கவுண்டரில் நிற்கிறேன். வீட்டு நிலைமைக்கு இந்தச் சம்பளம் தேவை.

போன மாதம் ஒரு இன்டர்ன்ஷிப் நேர்காணலில், "நெருக்கடியான சூழ்நிலை எதையாவது சமாளித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். "அப்படி எதுவும் அமையவில்லை சார்" என்றேன். கூட வந்த தோழி, கல்லூரி விழா நடத்தியதையெல்லாம் அடுக்கினாள். அவளுக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை. என் ரெஸ்யூமில் கடை வேலையை நான் போடவே இல்லை. வகுப்பில் பலருக்கு நான் வேலைக்குப் போவதே தெரியாது.

கடையில் யார் கத்தினாலும் சிரித்த முகமாக நிற்க வேண்டும். ஒருநாள் தள்ளுபடி நேரத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. வரிசை வாசல்வரை போய்விட்டது. ஒருவர் பில்லை என் முகத்துக்கு நேரே வீசினார். துண்டுச் சீட்டில் நம்பர் போட்டுக் கொடுத்து, துணி மாற்ற வந்தவர்களைத் தனியாக உட்காரவைத்து, எப்படியோ ஓட்டினோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா "ஏன் லேட்டு?" என்றதற்கு எரிந்து விழுந்தேன். இது அடிக்கடி நடக்கிறது. இப்போது சூப்பர்வைசர் சனி, ஞாயிறும் முழு நாள் வரச் சொல்கிறார். என் படிப்புக் காலம் இப்படியே வீணாகிறதா?

பெயர் வேண்டாம், ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

"எப்படியோ ஓட்டினோம்" என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நேர்காணலில் கேட்ட கேள்விக்கான பதில் அந்த "எப்படியோ"வுக்குள்தான் இருக்கிறது. சீட்டில் நம்பர் எழுதலாம் என்று யாருக்குத் தோன்றியது? துணி மாற்ற வந்தவர்களைப் பிரித்தால் வரிசை வேகமாக நகரும் என்று எப்படித் தெரிந்தது? வகுப்பில் 'க்யூ' என்று, முதலில் வந்ததை முதலில் கவனிக்கும் வரிசை முறையைப் படித்திருப்பீர்களே, அதைத்தான் அன்று பேனாவும் துண்டுக் காகிதமும் வைத்துச் செய்திருக்கிறீர்கள்.

அது நேர்காணலில் நினைவுக்கு வராததற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். 1980இல் மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு கதையைக் கொடுத்தார்கள். கோட்டையைப் பிடிக்க வந்த தளபதி, படையைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பல பாதைகளில் ஒரே நேரத்தில் அனுப்புகிறார். பிறகு ஒரு மருத்துவப் புதிர்: சுற்றியுள்ள திசு கெடாமல், கதிரைக் கொண்டு கட்டியை மட்டும் அழிப்பது எப்படி? பல திசைகளிலிருந்து வலுக் குறைந்த கதிர்களை அனுப்ப வேண்டும் என்பதே விடை. கதையைப் படித்திருந்தும், தானாக இதைக் கண்டுபிடித்தவர்கள் குறைவு. "அந்தக் கதை உதவும்" என்று ஒரு வார்த்தை சொன்னதும் பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். ஓரிடத்தில் கற்றது வேறோர் இடத்துக்குத் தானாக நடந்து வராது. யாராவது கைபிடித்துக் கூட்டி வர வேண்டும்.

அதனால் ஒரு சிறு நோட்டு வாங்குங்கள். வாரம் ஒருமுறை ஒரே ஒரு சம்பவம் எழுதினால் போதும்: என்ன நடந்தது, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன. எழுதும்போது "செய்தோம்" வேண்டாம், "செய்தேன்" என்று எழுதுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். "வாடிக்கையாளர் சேவைத் திறன் உண்டு" என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. அந்தச் சீட்டுக் கதையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அம்மாவிடம் எரிந்து விழுவதற்கும் காரணம் உண்டு. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு, 1983இல் 'உணர்ச்சி உழைப்பு' என்பதைப் பற்றி எழுதினார். உள்ளே கோபம் இருக்க, வெளியே சிரிப்பதும் சம்பளத்துக்கான உழைப்புதான், அதுவும் அசதி தரும். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குள் நுழையாதீர்கள். பத்து நிமிடம் யாரிடமும் பேசாமல் நடந்துவிட்டுப் போங்கள். அப்புறம், கவுண்டரில் என்ன நடந்தது என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்கள் ஏன் கத்துகிறீர்கள் என்று அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

வேலையை நான் ஒரேயடியாகப் புகழவும் இல்லை. முதல் ஆறு மாதத்தில் பில் போடுவது கற்றுத்தந்ததை அடுத்த ஆறு மாதம் தராது. புதிதாக வருபவருக்குப் பழக்கிவிடும் பொறுப்பையோ, ஸ்டாக் சரிபார்க்கும் வேலையையோ நீங்களே கேட்டுப் பாருங்கள். மறுத்துவிட்டால் வேறு இடம் தேடுவதில் தவறில்லை.

சனி, ஞாயிறு விஷயத்தில் என் பதில்: வேண்டாம். இப்போது வாரம் 16 மணி நேரம், சமாளிக்கலாம். இரண்டு முழு நாள் சேர்ந்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது குறைந்தால் படிப்பும் போகும், கவுண்டரில் பொறுமையும் போகும். பணம் அவசியம் என்றால், சனிக்கிழமை அரைநாள் வருகிறேன், வாரநாள் ஒன்றைக் குறையுங்கள் என்று பேசிப் பாருங்கள். தேர்வுத் தேதிகளை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் அந்தத் தள்ளுபடி நாளை எழுதுங்கள். அன்று எத்தனை சீட்டு கொடுத்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? இருந்தால் அதையும் குறித்து வையுங்கள், அடுத்த நேர்காணலில் கேட்பார்கள்.