கறுத்த வளையங்கள் உட்கரு அல்ல, காற்றுக்குமிழ்கள்

வெங்காய உள்தோலை நுண்ணோக்கியில் பார்த்து, செல்லின் உட்கரு (நியூக்ளியஸ்) என்று நீங்கள் நினைத்த, தடித்த கறுப்பு விளிம்பும் பளிச்சென்ற நடுவும் கொண்ட வட்டங்கள் காற்றுக்குமிழ்கள். உட்கருவுக்கு அப்படி மை தீட்டியதுபோன்ற விளிம்பு இருக்காது. ஒரே வட்டம் நான்கைந்து செல்களின் சுவர்களைத் தாண்டிக் கிடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செல்லுக்குள் இருக்க வேண்டிய உட்கரு எப்படிச் சுவரைத் தாண்டும்?

பெரும்பாலும் தோலின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப்பைத் தட்டையாகப் போட்டிருப்பீர்கள். ஒரு விளிம்பை நீரில் தொடவைத்து, ஊசியால் தாங்கி மெல்லச் சாய்த்து இறக்குங்கள். காற்று மறுபக்கமாக வெளியேறிவிடும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை: கவர் ஸ்லிப்பின் மேல் ஊசி முனையால் லேசாக அழுத்துங்கள். குமிழ் நகரும் அல்லது உருமாறும். உட்கரு தன் செல்லை விட்டு எங்கும் போகாது.

பிறகு ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டு, இரண்டு நிமிடம் கழித்து 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். செல்லுக்கு ஒன்றாக, மஞ்சள் கலந்த பழுப்பில் சிறு உருண்டை தெரியும். அதை நடுவில் தேடாதீர்கள். முதிர்ந்த தாவரச் செல்லின் பெரும்பகுதியைச் சாறு நிறைந்த வாக்குவோல் என்ற பையே அடைத்துக்கொள்வதால், உட்கரு பெரும்பாலும் சுவரோரம் ஒதுங்கியிருக்கும். ஒளி கூடினாலும் உட்கரு மங்கிவிடும். நுண்ணோக்கியில் ஒளி வரும் துளையைச் சற்றுக் குறையுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: அயோடின் செல்லைக் கொன்றுவிடும். செல்லுக்குள் இருக்கும் கூழான சைட்டோபிளாசம் நகர்வதைப் பார்க்கும் எண்ணமிருந்தால், சாயம் ஏற்றாத இன்னொரு துண்டைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். தோல் மடிந்து செல்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் ஒரு செல்லுக்கு இரண்டு உட்கரு இருப்பதுபோலவும் தோன்றும்.