துப்பாக்கி வாயில ஏன் அவ்ளோ நெருப்பு?

கேள்வி: பெரிய ரைஃபிள்ல சுட்டா வாயில பந்து மாதிரி நெருப்பு வருது, சின்னதுல லேசா மின்னி அடங்கிடுது. தோட்டா பெருசாக பெருசாக நெருப்பும் சத்தமும் கூடுமா?

பதில்: பொதுவா கூடும், ஆனா நேர் கணக்கு கிடையாது. தோட்டா முனையில இருந்து பறக்கிற குண்டோட தடிமனை விடுங்க, தோட்டாக்குள்ள எத்தனை கிராம் வெடிமருந்து எரியுது, அதுல வர்ற வாயு விரியறதுக்கு பேரல்ல (குழல்ல) எவ்ளோ இடம் இருக்கு, இதுதான் விஷயமே. சின்ன ராணுவ ரைஃபிளோட 5.56 நேட்டோ தோட்டால சுமார் 1.7 கிராம் மருந்து, அதைவிட பெரிய 7.62 நேட்டோல 3 கிராம் கிட்ட, கனரக இயந்திரத் துப்பாக்கியோட .50 பிரவுனிங்ல 15 கிராம் வரும். குண்டு வாயை விட்டு கழன்டதும் பின்னாடி அடைஞ்சு கிடந்த வாயு மொத்தமா பாயுது பாருங்க, அதான் காதுல அறையுற சத்தம்.

நெருப்பு வேற கதை. எரியாம மிஞ்சின மருந்துதான் வெளிய வந்து எரியுதும்பாங்க, அது பாதி உண்மை கூட இல்ல. மருந்து முழுசா எரிய அதுக்குள்ள இருக்கிற ஆக்சிஜன் பத்தாது, அதனால வர்ற வாயுல கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிறைய இருக்கும், அது சூடு ஆறாம வெளிய வந்து காத்தோட கலந்ததும் குப்புனு பத்திக்கும். மருந்துல கொஞ்சம் பொட்டாசியம் உப்பு சேர்த்தா இது அடங்கும், ஆனா புகை கூடிடும்.

இன்னொரு வேடிக்கை, .308 வின்செஸ்டர்ங்கிற தோட்டாவோட கேஸ் (மருந்து இருக்கிற உலோகக் கூடு) கழுத்தை சுருக்கித்தான், ஒல்லியான குண்டு போடுற .243 தோட்டாவை பண்ணாங்க. மருந்து கொஞ்சம்தான் குறையும், ஆனா பேரல் துளை ரொம்பவே ஒல்லியாயிடுச்சு, வாயு விரிய இடம் இல்ல, அதனால குண்டு சின்னதா இருந்தும் ஒரே நீள பேரல்ல .243லதான் வாயு அதிக அழுத்தத்தோட வெளிய வரும்.

பேரலை வெட்டினா இன்னும் மோசம். வியட்நாம் போர்ல அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்16-ஓட 20 இன்ச் பேரலை 10 இன்ச்சா சுருக்கி எக்ஸ்எம்177 பண்ணாங்க, தோட்டா அதே 5.56 தான், ஆனா நெருப்பும் சத்தமும் தாங்க முடியாம முனையில தனியா ஒரு சாதனம் மாட்ட வேண்டியதாச்சு!

கேள்வி: முனையில மாட்டுற எல்லாமே சத்தத்தை குறைக்குமா?

பதில்: இல்லைங்க. ஃபிளாஷ் ஹைடர் வாயுவை கலைச்சு நெருப்பை மட்டும் அடக்கும். மஸில் பிரேக், சுடும்போது துப்பாக்கி பின்னாடி தள்ளுற உதைப்பை குறைக்க வாயுவை பக்கவாட்டுல திருப்பி விடும், பக்கத்துல நிக்கிறவர் பாடு திண்டாட்டம். சாதாரண ரைஃபிள் சத்தமே 140 டெசிபலுக்கு மேல, காதுக்கு பாதுகாப்பு மாட்டாம ஒரு தடவை கூட சுடக்கூடாது.