தொண்டு நிறுவன வேலையை நம்பி மகளைப் படிக்க வைக்கலாமா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சையைக் கலைப்பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் உங்கள் மகள் தொண்டு நிறுவனங்களில் பணியாற்ற விரும்புவதாகவும், அதே துறையில் இருந்த உங்கள் அண்ணன் மகன் 2025இல் வேலையிழந்ததைப் பார்த்தபின் அவளை அனுப்ப மனம் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானதே. ஆனால் அந்தத் துறையையே விட்டுவிடுவதுதான் அதற்கு வழி என்று நான் நினைக்கவில்லை.

2025 ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி வெளிநாட்டு அபிவிருத்தி உதவிகளை 90 நாட்களுக்கு இடைநிறுத்தினார். மார்ச் மாதத்தில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எயிட் நிறுவனத்தின் செயற்றிட்டங்களில் 83 சதவீதம் இரத்துச் செய்யப்பட்டதாக அறிவித்தார்கள். யூலை 1ஆம் திகதியுடன் அந்த நிறுவனமே தனியாக இயங்குவது முடிவுக்கு வந்தது. பிரித்தானியாவும் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த தன் உதவியை 2027இல் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. ஆகவே உங்கள் அண்ணன் மகன் வேலையிழந்ததில் அவருடைய திறமைக் குறைவு எதுவும் இல்லை.

இது நமக்குப் புதிதும் அல்ல. 2004 சுனாமிக்குப் பின்னரும் 2009இல் போர் முடிந்த பின்னரும் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் வரிசையாக வந்த காலத்தில், ஆசிரியரைவிடச் சாரதி கூடுதலாகச் சம்பளம் வாங்கியதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்தச் சம்பளத்தைப் பார்த்துப் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளில் சிலர், வாகனங்கள் திரும்பிப் போனபின் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார்கள். அவர்களிடம் அனுபவக் கடிதங்கள் நிறைய இருந்தன. வேறோர் இடத்தில் காட்டக்கூடிய தகைமை எதுவும் இருக்கவில்லை. கண்ணிவெடி அகற்றும் பணியையும் இங்கே எண்ணிப் பாருங்கள். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 டிசெம்பரில் இணைந்த இலங்கை, 2028 யூன் மாதத்துக்குள் நிலத்தைத் துப்புரவாக்குவதாக ஒப்புக்கொண்டது. வடக்கிலுள்ள முகமாலையில் வெயிலில் முழங்காலிட்டு மண்ணைச் சுரண்டும் பெண்களில் பலர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்து முடிக்கும் நாளில் அந்த வேலையும் போய்விடும்.

இனிப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இயங்கும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அனுப்பும் நிதி எந்த அரசாங்கத்தின் உத்தரவாலும் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. தெல்லிப்பழை துர்க்கை அம்மன் ஆலயம் பெண்பிள்ளைகளுக்கென நடத்தும் இல்லம் போன்ற பணிகளும் நம்மவர் கொடையால் நடப்பவையே. குறை என்னவென்றால், ஊர்ச் சங்கப் பணிகளில் பெரும்பகுதியை ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் கொப்பியில் கணக்கெழுதி, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிச் சமாளிக்கிறார். பிரித்தானியாவில் பதிவுபெற்ற சங்கம் ஆண்டுதோறும் அங்குள்ள தொண்டு நிறுவன ஆணைக்குழுவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால், பற்றுச்சீட்டும் அறிக்கையும் கேட்டே தீரும். இங்கேயோ, தொண்டு அமைப்புகளைப் பதிவு செய்வதற்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்த அமைப்பு தன் கணக்குகளை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே மகள் தொண்டு நிறுவனத்துக்காகப் படிக்க வேண்டாம். அதற்கும் பிற இடங்களுக்கும் தேவைப்படும் ஒரு தொழிலைப் படிக்கட்டும். மனிதரோடு பழகும் பணியில் அவளுக்கு நாட்டம் இருந்தால், தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் சமூகப்பணிப் பட்டம் பொருத்தமானது. வைத்தியசாலை, சிறுவர் நன்னடத்தை, முதியோர் பராமரிப்பு ஆகிய துறைகளிலும் அது பயன்படும். கணக்கில் நாட்டம் இருந்தால், பட்டப்படிப்போடு ஏஏரி (கணக்கியல் தொழில்நுட்பவியலாளர்) பரீட்சைகளையும் எழுதலாம். களத்தில் திரட்டும் தகவலைக் கைப்பேசிச் செயலியில் பதிந்து எக்செலில் பகுத்து எழுதுவது சில மாதங்களில் பழகக்கூடியது. சிங்களத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். தலைமை அலுவலகங்களும் அமைச்சுகளும் கொழும்பில் இருக்கும்வரை, மும்மொழியும் தெரிந்தவரே களத்திலிருந்து முகாமைத்துவத்துக்கு ஏறுகிறார்.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதை நீங்களும் குறிப்பிட்டிருந்தீர்கள். அரச உத்தியோகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் மாதக்கணக்கில் இருந்ததையும் மறக்க வேண்டாம். ஒரு நியமனத்தை மட்டும் நம்பி இருபத்தெட்டு வயதுவரை வீட்டில் இருப்பதும் ஆபத்தான தெரிவுதான்.

நாளை அவள் ஏதாவது நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனால், சம்பளத்துக்கு முன்னர் மூன்றைக் கேட்கட்டும்: இந்தப் பதவிக்கான நிதியை யார் தருகிறார், அது எந்த மாதம் முடிகிறது, ஊழியர் சேமலாப நிதிக்குப் பங்களிப்புச் செலுத்தப்படுகிறதா. கடைசிக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தில் அவள் சேர வேண்டாம்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்துவதற்கு முன்னர் மகளை ஒருமுறை அழைத்து வாருங்கள். சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கணிதத்தில் அவள் எடுத்த பெறுபேற்றைப் பார்த்தபின்பே கணக்கியல் பற்றி உறுதியாகப் பேசலாம்.