லீஃப்ஸா, லீவ்ஸா?

கேள்வி: ஜனவரியில் டொரண்டோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறேன். 'மேப்பிள் லீவ்ஸ்' அணியின் ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்கு அழைத்துப் போகிறேன் என்கிறான். டிக்கெட் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அந்த அணியின் வரலாறு என்ன? அவ்வளவு காசு கொடுத்துப் பார்க்கத்தான் வேண்டுமா?
(பெயர் போட வேண்டாம் என்ற ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், மன்னார்குடி)

பதில்: சார், டிக்கெட் எங்கும் ஓடிப்போகாது. முதலில் 'லீவ்ஸ்' விவகாரத்தை முடித்துக்கொள்வோம். அந்த அணியின் பெயர் 'லீஃப்ஸ்'. மகன் சரியாகத்தான் சொல்லியிருப்பார், நீங்கள்தான் திருத்தியிருப்பீர்கள். லீஃபுக்குப் பன்மை லீவ்ஸ் என்று காலமெல்லாம் கரும்பலகையில் எழுதிய கை சும்மா இருக்குமா?

1927 பிப்ரவரியில் கான் ஸ்மைத் என்பவர் அந்த அணியை வாங்கினார். அதுவரை அதற்கு 'செயின்ட் பேட்ரிக்ஸ்' என்று பெயர், சட்டை பச்சை. முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டுத் திரும்பியவர் ஸ்மைத். கனடா சிப்பாய்கள் அணிந்த மேப்பிள் இலைச் சின்னத்தை மனதில் வைத்து, சீசன் பாதியிலேயே பெயரை மாற்றினார். 'மேப்பிள் லீஃப்' என்பது முழுசாக ஒரு பெயர்ச்சொல். அதன் வாலில் ஒரு 'ஸ்' ஒட்டினால் லீஃப்ஸ். மரத்திலிருந்து உதிர்வதற்குத்தான் உங்கள் இலக்கணம்.

தமிழிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு தெருவில் மாணிக்கம் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்ன எழுதுவீர்கள்? 'இரண்டு மாணிக்கங்கள்' என்று எழுதினால் நகைக்கடை விளம்பரம். 'மாணிக்கம்கள்' என்று எழுதினால் மெய்ப்புத் திருத்துபவர் சிவப்புப் பேனாவோடு வருவார். எங்களிடம் அப்படி ஒருவர் இருந்தார். நான் 'வாழ்த்துகள்' என்று எழுதி அனுப்புவேன், அவர் நடுவில் ஒரு 'க்' போடுவார். நான் எடுப்பேன், அவர் மறுபடி போடுவார். ஒரு பொங்கல் மலர் உள்ளே 'வாழ்த்துகள்', அட்டையில் 'வாழ்த்துக்கள்' என்று வெளிவந்தது. அவர் ஓய்வு பெற்ற அன்று நான் கொடுத்த மாலையின் சீட்டிலும் அந்த 'க்' இருந்தது. யார் கைவேலை என்று சொல்லத் தேவையில்லை. பெயருக்கு இலக்கணம் பார்க்கக் கூடாது என்று லீஃப்ஸுக்காக வாதாடுகிற நான், 'வாழ்த்து' யாருடைய பெயரும் இல்லை என்பதால் என் கட்சியை விடப் போவதில்லை.

அப்புறம், 'லீவ்ஸ்' என்று வைத்திருந்தாலும் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். லீவு என்றால் அந்த அணிக்கு அவ்வளவு பிரியம். 1917ல் தொடங்கி, பழைய பெயர்களில் வென்றதையும் சேர்த்து 13 ஸ்டான்லி கோப்பைகள் (ஐஸ் ஹாக்கி லீக்கின் சாம்பியனுக்குத் தருவது). கடைசிக் கோப்பை 1967 மே மாதம், மாண்ட்ரியலை வீழ்த்தி. அதற்குப் பிறகு இறுதிப் போட்டிக்கே எட்டிப் பார்க்கவில்லை. 2013ல் பாஸ்டனுக்கு எதிரான தொடரில், யார் முன்னேறுவது என்று முடிவாகும் ஏழாவது ஆட்டத்தில், கடைசிப் பகுதியில் 4-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 5-4 என்று தோற்றார்கள். நம் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஊருக்குக் கிளம்புகிற மே மாதம்தான் அதுவும்.

வரலாறு வேண்டும் என்றால் அரங்கத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு மளிகைக் கடைக்குப் போங்கள். கார்ல்டன் தெருவில் 1931ல், பொருளாதார மந்தத்தின் நடுவே, ஐந்தரை மாதத்தில் ஸ்மைத் எழுப்பிய 'மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்' இன்றும் நிற்கிறது. கூலியில் ஒரு பங்கைப் பங்குப் பத்திரமாக வாங்கிக்கொண்டு தொழிலாளர்கள் கட்டிக் கொடுத்தார்கள். திறந்த அன்று சிகாகோவிடம் 2-1 என்று தோல்வி. அந்த ஊர் ராசி அப்படி. 1999ல் அணி வேறு இடம் போனது. இப்போது கீழ்த்தளத்தில் பெரிய மளிகைக் கடை. சில வருஷங்களுக்கு முன் போயிருந்தேன். அலமாரிகளுக்கு நடுவே தரையில் ஒரு சிவப்பு வட்டம். ஆடுகளத்தின் மையப் புள்ளி இருந்த இடம் அதுதான். ஒரு அம்மாள் தள்ளுவண்டியின் ஒரு சக்கரத்தை அதன்மேல் நிறுத்திவிட்டு, இரண்டு டப்பாக்களின் விலையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மேல்தளத்தில் பல்கலைக்கழகத்தின் ஐஸ் களம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர் டேவிட் அயர்ஸ். ஐஸைச் சமன் செய்கிற ஜாம்போனி வண்டி ஓட்டியவர். 2020 பிப்ரவரி 22 அன்று லீஃப்ஸுடன் மோத வந்த கரோலினா அணியின் இரண்டு கோல்கீப்பர்களுக்கும் காயம். அந்த மாதிரி நேரத்துக்கென்று அப்போதெல்லாம் அரங்கத்தில் ஒருவரை உட்காரவைத்திருப்பார்கள், யாருக்குத் தேவையோ அவர்களுக்கு ஆடுவார். அன்று அது அயர்ஸ். வயது 42, சிறுநீரக மாற்று அறுவைசிகிச்சை செய்துகொண்டவர். முதலில் வந்த இரண்டு அடிகளும் கோல். அடுத்து வந்த எட்டையும் தடுத்துவிட்டார். கரோலினா 6-3 என்று ஜெயித்தது. சொந்த ஊரில், சொந்த ரசிகர்கள் முன்னால், தங்களோடு பயிற்சி செய்கிற ஜாம்போனி ஓட்டுநரிடம் தோற்ற பெருமை லீஃப்ஸுக்குத்தான்.

சரி, காசு. லீக்கிலேயே விலை கூடிய டிக்கெட்டுகளில் இவர்களுடையதும் ஒன்று. கீழ்வரிசையில் பெரும்பாலும் கம்பெனிகள் எடுத்து வைத்த இடங்கள். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய பிறகும் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும், கோட்டு போட்டவர்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிற சபா முதல் வரிசையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! உங்கள் மகனிடம் 300ல் தொடங்கும் மேல்வரிசையில் எடுக்கச் சொல்லுங்கள். சத்தம் போடுகிற நிஜ ரசிகர்கள் அங்கேதான். சனிக்கிழமையும் மாண்ட்ரியல் வரும் நாளும் வேண்டாம். வாரநாள் என்றால் விலை கொஞ்சம் இறங்கும்.

ரயிலில் யூனியன் நிலையத்தில் இறங்கினால் கூரைக்குக் கீழேயே நடந்து, ஆட்டம் நடக்கும் ஸ்கோஷியாபேங்க் அரீனாவுக்குள் போய்விடலாம், ஜனவரிக் குளிர் தொடாது. உள்ளே ஒரு ஸ்வெட்டர் போதும். 20 நிமிடங்களாக மூன்று பகுதிகள். பக் என்பது மூன்று அங்குல அகலமுள்ள கறுப்பு ரப்பர் வில்லை. துள்ளாமல் இருக்க உறையவைத்துக் கொண்டுவருவார்கள். முதல் பத்து நிமிடம் அது உங்கள் கண்ணில் படவே படாது. ஆட்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பாருங்கள், போதும். பக் கூட்டத்துக்குள் வந்து விழுந்தால் பிடித்தவருக்கே சொந்தம். இடைவேளையில் மட்டும் எழுந்து போகாதீர்கள், ஜாம்போனி வரும். ஓட்டுபவருக்கு ஒரு கும்பிடு போட்டுவையுங்கள், யார் கண்டது.

வந்து எழுதுங்கள், பிரசுரிக்கிறேன். 'லீவ்ஸ்' என்று இருந்தால் கிழித்துப் போடுவேன்.