கன்சாஸ் மாநிலம் 2015-ல் தடை செய்த கருக்கலைப்பு முறை எது? அந்தச் சட்டம் இப்போதும் இருக்கிறதா?

கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைத்தே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் சந்தோஷம். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2015 ஏப்ரலில் கவர்னர் சாம் பிரவுன்பேக் கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவில் அந்த மாதிரிச் சட்டம் அதுதான் முதல். தடை ‘டி அண்ட் ஈ’ முறைக்கு. கருப்பை வாயைத் தளர்த்திக் கருவைக் கருவியால் எடுப்பது. மூன்றரை மாதத்துக்கு மேல் பெரும்பாலும் இதைத்தான் செய்வார்கள். சட்டத்தில் அதற்கு ‘துண்டாடும் கருக்கலைப்பு’ என்று பெயர். என் ஃபைலில் எந்த டாக்டரும் அப்படி எழுதவில்லை. ஊசி போட்டு முதலில் கருவின் இதயத் துடிப்பை நிறுத்திவிட்டால் சட்டம் விட்டுவிடும். அது வேண்டாத ஆபத்து என்று அப்பாவும் மகளுமான இரண்டு டாக்டர்கள் வழக்குப் போட்டார்கள். ஜூலையில் அமலுக்கு வருவதற்குள் கோர்ட் நிறுத்தி வைத்தது.

அப்படி நின்றுகிடந்த 2018-ல்தான் எனக்கு நடந்தது. 19-வது வாரம். ஸ்கேன் எடுத்த பெண் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவள், சட்டென்று நிறுத்தி, வயிற்றில் இருந்த ஜெல்லைக்கூடத் துடைக்காமல் எழுந்து போனாள். குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் இல்லை. பனிக்குட நீர் இல்லை, அதனால் நுரையீரல் வளராது. ஊரில் அம்மா ஐந்தாம் மாதம் பூ முடிக்க நாள் பார்த்து வைத்திருந்தார்.

மருந்து கொடுத்து வலி வரவழைக்கலாம், இல்லையென்றால் டி அண்ட் ஈ என்றார்கள். வலிபட்டுப் பெற்று, அழாத பிள்ளையைக் கையில் வாங்க எனக்குத் தெம்பில்லை. ‘முகமாவது பார்த்திருக்கலாமே’ என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: எங்கள் சித்தியே கேட்டாயிற்று.

24 மணி நேரம் முன்னதாக ஒரு தாள் கொடுத்தார்கள். வெள்ளைத் தாள், கறுப்பு மை, டைம்ஸ் நியூ ரோமன், 12 பாயின்ட். எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதைக்கூட அப்போது சட்டமே சொல்லியிருந்தது! முழுமையான, தனியான, உயிருள்ள ஒரு மனித ஜீவனை முடிக்கிறீர்கள் என்று அதில் ஒரு வரி. சிறுநீரகம் பற்றி எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் அந்தத் தாளையே மூன்று தடவை படித்தார்.

இன்சூரன்ஸும் கைவிரித்தது. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர சாதாரண பாலிசியில் இதற்குப் பணம் தரக்கூடாது என்று 2011-லேயே அங்கே சட்டம். கிரெடிட் கார்டில் கட்டினோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அடுத்த தையில் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா. தலைக்கு இருபது டாலர் வாங்கிக்கொண்டு ஆறிப்போன பொங்கலைக் காகிதக் கப்பில் கொடுத்தார்கள். கரண்டி பிடித்திருந்த ஆன்ட்டி, வரிசையில் எல்லாரும் கேட்க, "என்னம்மா, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்றார். அன்றோடு சங்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

பிறகு 2019-ல் மாநில உச்ச நீதிமன்றம், கருவை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும் உரிமை மாநில அரசியலமைப்பிலேயே இருக்கிறது என்றது. அந்த உரிமையை எடுக்க 2022 ஆகஸ்டில் வாக்கெடுப்பு வைத்தார்கள். 59 சதவீதம் பேர் எடுக்க வேண்டாம் என்றார்கள். விசாவில் இருந்த எனக்கு ஓட்டு கிடையாது. 2024 ஜூலையில் அந்த 2015 சட்டமும் ரத்தானது.

ஆனால் கருக்கலைப்புக்கு 22 வாரம் என்று அங்கே இருக்கும் வரம்பு அப்படியே இருக்கிறது. கடைசி மாதவிலக்குத் தேதியிலிருந்து எண்ணுங்கள். ஸ்கேனை 20-வது வாரத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.